அவுக படுக்குற மெத்தை

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். நல்ல சித்திரை வெயில் நேரம். அருப்புக்கோட்டையை ஒட்டியிருக்கிற பாளையம்பட்டியில்தான் எங்கள் வீடு. வாசலை ஒட்டிய அறையில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்கிறேன். அன்றைக்கும் அதுதான் வேலை, இன்றைக்கும் அதுதான்.

என் வீட்டுக்காரருக்குக் கரி வியாபாரம். எங்கள் பக்கம் விவசாயம் விட்டுப்போன நிலமெல்லாம் கருவேலங்காடாகக் கிடக்கும். அதைப் பேசி எடுத்து, ஆள் வைத்து வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி லோடு ஏற்றி அனுப்புவார். மூட்டம் என்றால் விறகைக் கூம்பாக அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீ வைத்து நாள்கணக்கில் புகையவிடுவது. எங்காவது மண் விரிசல் விட்டால் தீ பிடித்து அத்தனையும் சாம்பலாகிவிடும். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் வாரத்தில் பாதி நாள் அவர் பரளச்சிப் பக்கம் காட்டிலேயே தங்கிவிடுவார். கல்யாணமான புதிதிலிருந்தே அப்படித்தான். நான் அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. வரும்போது சட்டை, வேட்டி எல்லாம் புகை வாசனை அடிக்கும். எங்கே இருந்து வருகிறார் என்று அந்த வாசனையே சொல்லும் என்று நினைத்திருந்தேன்.

அவருக்கு இடுப்பு வலி ரொம்ப நாளாக உண்டு. வீட்டில் இரட்டைக் கட்டில் இருந்தது, இலவம்பஞ்சு மெத்தை இருந்தது. எதுவும் ஒத்துக்கொள்ளாது. தரையில் பாயை விரித்துப் படுப்பார். காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார். நான் தைலம் தேய்த்துவிடுவேன். காட்டில் தங்கிவிட்டு வருகிற அன்றைக்கு மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார். கேட்டால், அங்கே கட்டாந்தரையில் படுப்பது இடுப்புக்குச் சுகமாக இருக்கிறது என்பார். சிமெண்டுத் தரையைவிட மண் தரை உடம்புக்கு நல்லதுபோல என்று பக்கத்து வீட்டில்கூட நான் சொல்லியிருக்கிறேன்.

அந்த வருடம் தை பிறந்ததும் வலி காலுக்கு இறங்கியது. இங்கே ஊசி போட்டுப் பார்த்து, பிறகு மதுரைக்குக் கொண்டுபோனோம். ஸ்கேன் எடுத்தார்கள். வேறு எங்கேயோ ஆரம்பித்த புற்றுநோய் முதுகெலும்பு வரைக்கும் வந்துவிட்டது என்றார்கள். கதிர் சிகிச்சை என்று கரண்டு வைத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். பங்குனி முடிவதற்குள் டாக்டர் என் மகனைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போய் வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். மகன் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கிறான். எங்களுக்கு ஒரே பிள்ளை. லீவு போட்டுவிட்டு வந்து கூடவே இருந்தான்.

வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது என்பதைச் சொல்வது சுலபம். மாத்திரை போட்டால் கொஞ்ச நேரம் கேட்கும். அதற்கப்புறம் முனகல் ஆரம்பித்துவிடும். கட்டிலில் பலகை உறுத்துகிறது என்பார். பஞ்சு மெத்தையில் போட்டால் உள்ளே அமுங்குகிறது, முதுகு ஒடிகிறது என்பார். தரையில் கிடத்தினால் எலும்பு குத்தியது. மெடிக்கல் கடையில் சொல்லி, குமிழ் குமிழாக இருக்கிற படுக்கைப் புண் மெத்தை ஒன்று வாங்கி விரித்தோம். ஒவ்வொரு குமிழும் ஊசியாகக் குத்துகிறது என்று அதையும் எடுக்கச் சொல்லிவிட்டார். நல்ல ஆகிருதியான மனுஷன். கோணிச்சாக்கில் போட்டுக் கட்டிவிடலாம் என்கிற அளவுக்கு ஒடுங்கிப்போய், எப்படியும் படுக்க முடியாமல் கிடந்தார். தூங்கவே இல்லை. அவர் தூங்காததால் நாங்களும் தூங்கவில்லை.

ஒருநாள் மத்தியானம். மகன் மாத்திரை வாங்க டவுனுக்குப் போயிருந்தான். நான் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்து கிரைண்டரைப் போட்டேன். வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. மாவு வாங்குகிற ஹோட்டல்காரர்களாக இருக்கும் என்று எழுந்து போனேன். ஒரு பெண் இறங்கினாள். நாற்பது வயது இருக்கலாம். மெலிந்த உடம்பு. வெளுத்துப்போன நூல் சேலை. ஆட்டோவின் பின்னால் மடித்துக் கட்டிய ஒரு பெரிய மூட்டை இருந்தது.

அவள் படியேறவில்லை. கீழேயே நின்றுகொண்டு, "அக்கா, இதைக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள். என்ன அது என்று கேட்டேன். மெத்தை என்றாள். காற்று அடைக்கிற மெத்தை, கரண்டில் வேலை செய்யும், வேண்டிய அளவுக்குக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம் என்றாள். அவர்கூட வியாபாரம் செய்கிற யாரோ கேள்விப்பட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். "யாரும்மா குடுத்துவிட்டாக?" என்று கேட்டேன்.

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "யாரும் குடுத்துவிடலக்கா. இது அவுக படுக்குற மெத்தை."

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது கிரைண்டர் சத்தம்தான் காது முழுக்க இருந்தது. போய் சுவிட்சை அணைத்தேன். அந்த அமைதியில் உள்ளேயிருந்து அவருடைய முனகல் வந்தது. அது அவள் காதிலும் விழுந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்தபிறகு, கேட்பதற்கு எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

அவளைத் திட்டி விரட்டியிருக்கலாம். எங்கள் தெருவில் யாரும் என்னைத் தப்பாகப் பேசியிருக்க மாட்டார்கள். கூடச் சேர்ந்து நாலு வார்த்தை பேசத்தான் வந்திருப்பார்கள். ஆனால் அந்த முனகல் நிற்கவில்லை. அது நிற்பதற்கு யார் காலில் விழச் சொன்னாலும் விழுகிற நிலைமையில் நான் இருந்தேன். உள்ளே கொண்டு வா என்றேன். அந்த வார்த்தை எப்படி வாயிலிருந்து வந்தது என்று இப்போதும் தெரியவில்லை.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். கடைக்கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு, விரிப்போடு சேர்த்து அவரைத் தூக்கிப் பாயில் கிடத்தினோம். அவள் கட்டிலில் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு அந்த மெத்தையை விரித்தாள். சோற்று டப்பா அளவுக்கு ஒரு சின்ன மோட்டார். அதிலிருந்து இரண்டு குழாய் மெத்தைக்குள் போயின. சுவிட்சைப் போட்டதும் மெத்தை மெல்ல எழும்பியது. காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு ரிமோட் இருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. கையை மடக்கி மெத்தையில் அமுக்கிப் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் கூட்டினாள், கொஞ்சம் குறைத்தாள். பிறகு போதும் என்று தலையை ஆட்டினாள்.

அப்போதுதான் கவனித்தேன். இரண்டு பேர் படுக்கிற மெத்தை அது. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகக் காற்று வைக்கலாம். அவர் படுக்கிற இடது பக்கத்தை மட்டும் அவள் நிரப்பியிருந்தாள். மறு பக்கம் தொய்ந்து கிடந்தது. அவர் புரண்டால் சரிந்துவிடுவாரே என்கிற எண்ணத்தில், இந்தப் பக்கத்துக்கு எவ்வளவு வைக்க வேண்டும் என்று கேட்டேன். வேறு எதையும் நினைத்துக் கேட்கவில்லை.

அவள் என்னைப் பார்க்காமல், "அது கொஞ்சம் மெத்துன்னு இருக்கும்க்கா" என்று சொல்லி, அந்தப் பக்கத்தையும் நிரப்பினாள். அது யார் படுக்கிற பக்கம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவரைத் தூக்கிப் போட்டோம். அவள் இடுப்புக்குக் கீழே கையை விட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் காற்றைக் குறைத்தாள். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலுக்கு நடுவில் ஒரு சேலையை மடித்துச் செருகினாள். கொஞ்ச நேரத்தில் முனகல் குறைந்தது. அப்புறம் நின்றுவிட்டது. எத்தனையோ நாளைக்கு அப்புறம் அவர் தூங்கினார். வாயைத் திறந்து, குறட்டை விட்டுத் தூங்கினார். முப்பது வருடம் அவரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். என் கணவர் எப்படிப் படுத்தால் தூங்குவார் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. என்னை அதிகம் அறுத்தது அதுதான். அவருக்கு இன்னொருத்தி இருந்தாள் என்பதுகூட அதற்கு அடுத்ததாகத்தான் வலித்தது.

அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எந்தப் பொத்தானை அமுக்கினால் கூடும், எதை அமுக்கினால் குறையும் என்று எனக்குக் காட்டிவிட்டு, "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நானும் இனிமேல் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

மகன் சாயங்காலம் வந்தான். ஆட்டோ வந்ததும் பெண் இறங்கியதும் தெருவிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் கேட்டான். நான் மறைக்கவில்லை. அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. மெத்தையைத் தூக்கித் தெருவில் எறியப் போவதாகச் சொன்னான். அவள் இந்த வீட்டு வாசல்படி மிதித்தால், தான் சிவகாசிக்குப் போய்விடுவதாகச் சொன்னான். நான் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, "அப்பா தூங்குறாரு. சத்தம் போடாத" என்றேன். அவன் கதவைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்தான். திரும்பி வந்து கிரைண்டர் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டான்.

நாலைந்து நாள் நன்றாகத்தான் போனது. பிறகு மறுபடியும் முனகல். காற்று குறைந்திருக்கும் என்று நான் கூட்டினேன். கத்தினார். குறைத்தேன். அதற்கும் கத்தினார். எது சரி என்று எனக்குப் பிடிபடவே இல்லை. எந்தப் பொத்தானை அமுக்கினேனோ, கடைசியில் மெத்தை ஒரேயடியாகத் தொய்ந்து, அவர் முதுகு கட்டில் பலகையில் இடித்தது. அவர் வலியில் துடித்ததைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. குனிந்து அவர் காதில், அவள் நம்பர் என்ன என்று கேட்டேன். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதை மறந்துபோகிற மனுஷன், பத்து எண்ணையும் தடுமாறாமல் சொன்னார்.

அன்றிலிருந்து அவள் தினமும் வந்தாள். காலை முதல் பஸ்ஸில் வருவாள், வெயில் தாழ்ந்ததும் போய்விடுவாள். அவள் இருக்கிற நேரம் மகன் வெளியே போய்விடுவான்; சிவகாசிக்கு மட்டும் போகவில்லை. பரளச்சியைத் தாண்டி உள்ளே ஒரு சின்ன ஊர் அவளுக்கு. கட்டினவன் சின்ன வயதிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டானாம். எங்கள் மூட்டத்தில் கரி அள்ளிச் சாக்குப் பிடிக்கிற வேலைக்கு வந்தவள். பிள்ளை கிடையாது. அவர் அவளுக்குத் தாலி எதுவும் கட்டவில்லை. இதையெல்லாம் நான் ஒரே நாளில் கேட்கவில்லை. உளுந்து களையும்போது ஒன்று, அவருக்குத் துணி மாற்றும்போது ஒன்று என்று கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அந்த மெத்தைகூட அவள் ஊருக்குப் பக்கத்தில் வீரசோழன் என்கிற ஊரில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, வேண்டாமென்று விற்றதாம். என் வீட்டுக்காரர் இடுப்புக்காக இரண்டு பேரும் போய்ப் பார்த்து வாங்கியிருக்கிறார்கள். அதில் படுத்த முதல் நாள் வெயில் ஏறும்வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லும்போது அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம், நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிறோம் என்று சொன்னேன். ஒருநாள் வாசலில் நான் அப்படிச் சொன்னது உள்ளே அவள் காதில் விழுந்திருக்கிறது. மறுநாளிலிருந்து அவள் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். யாராவது பார்க்க வந்தால் என்னை "அம்மா" என்று கூப்பிட்டாள். ஆள் போனதும் மறுபடி "அக்கா" ஆகிவிடும். நான் சொன்ன பொய்யை அவள் அப்படிக் காப்பாற்றினாள்.

அவளிடம் நான் எப்போதும் நல்லபடியாக இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். சில நாள் அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே வயிறு எரியும். அவர் அவளிடம் கண்ணைக் காட்டித் தண்ணீர் கேட்டால், நான் முந்திக்கொண்டு போய்க் கொடுப்பேன். ஒருநாள் மனசு தாங்காமல் அடுப்படியில் வைத்துக் கேட்டேவிட்டேன். "நீ பாட்டுக்கு அங்கனயே இருந்திருக்கலாம்ல? எனக்குத் தெரியாமலே போயிருக்கும். ஏன் வந்த?"

அவள் கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "சொல்லாமத்தான் இருக்கணும்னு நெனச்சேன்க்கா. கரி லோடு ஏத்துற லாரிக்காரர் வந்து, அவுகளால எதுலயும் படுக்க முடியல, கெடந்து கத்துறாகன்னு சொன்னாரு. அதுக்கப்புறம் அந்த மெத்தையில என்னால படுக்க முடியல. அவுக அங்க அப்படிக் கெடக்கையில நான் இதுல எப்படிக்கா படுப்பேன்?"

அடுப்பில் கஞ்சி பொங்கியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கரண்டிக்குக் கை நீட்டினோம்.

அவரிடம் நான் எதையும் கேட்கவில்லை. கேட்க நினைத்தது நிறைய. எத்தனை வருடமாக, எதற்காக, நான் என்ன குறை வைத்தேன் என்றெல்லாம் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு மத்தியானம், அவள் துணி அலசிக்கொண்டிருந்த நேரம், அவரே ஆரம்பித்தார். "என்னைய ஒண்ணும் கேக்க மாட்டியா?" என்றார். குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி இருந்தது. பதில் சொல்லத் தெம்புள்ளவரிடம்தான் சண்டை போட முடியும். தலையைத் தூக்கிப் பிடித்து, "பாலைக் குடிங்க" என்றேன். இரண்டு மடக்குக் குடித்தார். என் கையை விடவில்லை. நானும் எடுக்கவில்லை.

வைகாசி பிறந்து கொஞ்ச நாளில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அவள் மெத்தையில் காற்றை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்தாள். உடம்பில் கனம் குறையக் குறைய அவருக்கு மெத்தை மெத்தென்று இருக்க வேண்டியிருந்தது. அதற்குள் எனக்கும் கை பழகிவிட்டது. முகத்தைப் பார்த்தே இப்போது கூட்டணும், இப்போது குறைக்கணும் என்று தெரிந்தது. கடைசி வாரத்தில், அவள் இல்லாத நேரத்திலும் அவர் அவ்வளவாக முனகவில்லை.

அன்றைக்கு விடிந்தும் விடியாத நேரம். மகன் பால் வாங்கப் போயிருந்தான். நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் திறந்து வாசல் பக்கம் பார்த்தார். "வந்துட்டாளா?" என்று கேட்டார். முதல் பஸ் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. "வந்துட்டா" என்றேன். சரி என்கிற மாதிரி இமையை மூடினார். அவ்வளவுதான். என் பேரைச் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. மகன் பால் பாக்கெட்டோடு உள்ளே வரும்போது அவர் இல்லை.

முதல் பஸ்ஸில் அவள் வந்தபோது வாசலில் பெஞ்சு போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். தெருமுனையிலேயே விஷயம் தெரிந்திருக்கும். உள்ளே வரவில்லை. எதிரே டீக்கடை ஓரத்தில் நின்றுவிட்டாள். பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு, ஆட்கள் விலகும்போதெல்லாம் அந்த வெளுத்த சேலை தெரிந்தது. அவரைச் சுற்றி எல்லோரும் மாரடித்து அழுதார்கள். யாரும் யார் கழுத்தையும் கட்டிக்கொண்டு அழலாம், சாவு வீட்டில் அது உரிமை. அவள் மட்டும் வெயிலில், டீக்கடைத் தகரத்துக்கு வெளியே, அழாமல் நின்றுகொண்டிருந்தாள். அழுதால் யாரென்று கேட்பார்கள் இல்லையா?

சாயங்காலம் எடுத்தார்கள். பாடையைத் தூக்கியதும் பெண்கள் என்னை உள்ளே கூட்டிப்போய்விட்டார்கள். அதனால் நடந்ததைப் பிறகு ஒரு உறவுக்காரர் சொல்லித்தான் கேட்டேன். கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போன என் மகன், டீக்கடைக்கு எதிரே வந்ததும் நின்றுவிட்டானாம். பின்னால் வந்த பாடையும் நின்றது. ஏன் நிற்கிறாய் என்று பெரியவர்கள் கேட்டதற்கு, "சட்டி சுடுது. கொஞ்சம் நில்லுங்க" என்று சொன்னானாம். அவளுக்குக் கையெட்டும் தூரத்தில் பாடை நின்றிருக்கிறது. ஒருவரும் ஒன்றும் புரிந்துகொள்ளவில்லை. அவன் அவள் பக்கம் திரும்பவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, போகலாம் என்று நடந்தானாம். அவன் என்னிடம் இதைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

காரியம் முடிந்த அன்றைக்கு, அவர் படுத்த பாய், தலையணை, துணி எல்லாவற்றையும் அள்ளி வெளியே போட்டார்கள். செத்தவர் படுக்கையை வீட்டில் வைக்கக் கூடாது என்று நாத்தனார் அந்த மெத்தையையும் போடச் சொன்னார். அது நம்முடையது இல்லை, இரவல் வாங்கியது, திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார்.

எல்லோரும் ஊருக்குப் போனபிறகு ஒருநாள், காற்றை முழுக்க இறக்கி, மெத்தையைத் துடைத்து மடித்து, சாக்கில் கட்டி, பரளச்சி பஸ்ஸில் ஏறினேன். அங்கிருந்து ஒரு ஆட்டோ. ஊரில் கேட்டதும் காட்டினார்கள். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை வீடு. என்னைப் பார்த்ததும் பதறிப்போய் எழுந்தாள். தரையில் ஒரு சேலையை விரித்து அதில் படுத்திருந்திருக்கிறாள். சுவரில் ஒரு ஆணி. அதில் என் வீட்டுக்காரருடைய நீலச் சட்டை தொங்கியது. எங்கேயோ கிழிந்துபோய்விட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்று அவர் என்னிடம் சொன்ன சட்டை. நன்றாகத்தான் இருந்தது. கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. உட்கார இடம் தேடினேன்.

அவள் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். மெத்தையைச் சுவரோரம் சாத்தி வைத்தோம். விரிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். அதில் படுக்க எப்போது மனசு வருகிறதோ அப்போது பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். வெளியே வெயில் காய்ந்தது. நான் கிளம்ப எழுந்தபோதுதான், கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, அவுக கடைசியா எதாச்சும் சொன்னாகளா?"

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். என் பெயரைச் சொன்னார், மகன் பெயரைச் சொன்னார் என்று சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருப்பாள். எனக்கு வரவேண்டிய ஒன்று எனக்கு வராமல் போயிருந்தது. அதை அவள் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டுமா என்று ஒரு நிமிடம் நின்றேன்.

"வந்துட்டாளான்னு கேட்டாரு" என்றேன். "வந்துட்டான்னு சொன்னேன். அப்பத்தான் கண்ண மூடுனாரு."

அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். சாவு வீட்டுக்கு எதிரே நாளெல்லாம் நின்றபோது அடக்கிவைத்தது எல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது. ஊர்க்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தோளில் கை வைக்கத்தான் போனேன். ஆனால் எனக்கும் அழுகை வந்துவிட்டது. என் வீட்டில் அத்தனை சொந்தத்துக்கு நடுவில் அழுததெல்லாம் ஊருக்காக அழுததுபோல இருந்தது. அவரை நினைத்து, அவருக்காக மட்டும் நான் அழுதது அந்தப் படியில்தான்.

எப்போதாவது அவள் போன் செய்வாள். அவரைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. தூக்கம் வருதாக்கா என்று கேட்பாள். நானும் அதையே கேட்பேன். மெத்தையை விரித்தாயா என்று மட்டும் நான் கேட்டதில்லை.

அவர்மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. அவளை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், அந்த வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியவில்லை. ஆனால் ஒரு மனுஷன் வலியில்லாமல் தூங்க வேண்டும் என்பதற்காக, தன் மானத்தை விட்டுவிட்டு என் வாசலில் வந்து நின்ற ஒருத்தியை நான் பார்த்திருக்கிறேன். அவர் இல்லாத துக்கம் என்னவென்று என்னைப்போலவே அறிந்தவள் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான் என்பதை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கிறது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருக்கிறது.